ஆறு மா எள்ளும் கொஞ்சம் ஒலிவ எண்ணெயும்

குவைத்
9-1-1972

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மகள் ஞானசௌந்தரி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் சுகத்தையும் அம்மாவின் முழங்கால் வலியையும் பற்றி எழுதவும்.

ஆஸ்பத்திரி வேலை பழகிவிட்டது. குளிர்தான் பழகவில்லை. பாலைவனம் என்றால் வெயில் என்று நம்பி ஸ்வெட்டர் இல்லாமல் வந்து இறங்கிய ஒரே நர்ஸ் நான்தான்.

எங்கள் வார்டின் பெரிய சிஸ்டர் நதியா, லெபனான் நாட்டுக்காரர். வெள்ளிக்கிழமை விடுமுறையில் விடுதி அடுப்படியில் ஹம்முஸ் என்று ஒன்று செய்கிறார். வெள்ளைக் கொண்டைக்கடலையை முதல் நாளே ஊறவைத்துக் குழைய வேகவைக்கிறார். எள்ளை அரைத்த விழுது, எலுமிச்சைச் சாறு, பூண்டு, உப்பு சேர்த்து வெண்ணெய் மாதிரி அரைக்கிறார். தட்டில் பரப்பி, நடுவில் கரண்டியால் குழி பறித்து, அதில் ஒலிவ எண்ணெயை ஊற்றுகிறார். ரொட்டியைப் பிய்த்துத் துடைத்துத் துடைத்துத் தின்ன வேண்டியதுதான். ஒரே தட்டு. டாக்டரம்மா, நான், தரை துடைக்கிற அம்மா எல்லாரும் அதே தட்டில் கை விடுகிறோம். முதல் நாள் நான் கையை நீட்டவில்லை, ஊர்ப் பழக்கம். சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தட்டுக்குள் வைத்தார்.

எள் வாசம் வந்ததும் நம் ஆறு மா வயல் நினைவுக்கு வந்துவிட்டது. சம்பா அறுப்பு ஆயிற்றா?

உங்களை ஜெபத்தில் நினைத்துக்கொள்ளும் மகள்,
ஞானசௌந்தரி

*

நெடுவாய்க்கால்
மன்னார்குடி தாலுகா
2-2-1972

சேசு மரி சூசை துணை

அன்பு மகள் சௌந்தரிக்கு அப்பா ஆசீர்வாதம் எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் ஆண்டவர் புண்ணியத்தில் சாப்பிட்டு, சண்டை போட்டு, சுகமாக இருக்கிறோம். முழங்கால் விவரம் கேட்டிருந்தாய். முன்பெல்லாம் உட்கார்ந்தால் எழ முடியாது என்பாள். இப்போது எழுந்தால் உட்கார முடியவில்லை என்கிறாள். முன்னேற்றம்தான்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நாலாம் தரம் படிக்கும்போது பசி வந்துவிட்டது. சரி, எட்டாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவனுக்கு ஒரு கடலையை அரைக்கத் தெரியாதா என்று மன்னார்குடிக்குக் கிளம்பினேன். கடைக்காரர் வெள்ளைக் கடலையைக் கண்டதே இல்லையாம். "கொண்டைக்கடலைன்னா கறுப்பாத்தான் இருக்கும், நீங்க எந்த ஊருங்க?" என்றார். அதையே வாங்கி வந்து வேகவைத்தேன். போன கோடையின் கறுப்பு எள் வீட்டில் இருந்தது. இரண்டையும் ஆட்டுக்கல்லில் போட்டு, தாராளமாகத் தண்ணீர் விட்டு அரைத்தேன். உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "வயச் சேத்த எதுக்குங்க வீட்டுக்குள்ள கொண்டாந்தீங்க?" என்றாள். கசப்பு என்றால் சாதாரணக் கசப்பு இல்லை. ஒரு வாய் முழுங்கினேன். இரண்டாவது வாயைக் கோழிக்கு வைத்தேன். கோழி அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது.

எதில் தப்பு என்று சிஸ்டரைக் கேட்டு எழுது.

அறுப்பு ஆயிற்று. இனி எழுதுவதை எழுத வேண்டாம் என்று உன் அம்மா சொல்வதால் சின்ன எழுத்தில் எழுதுகிறேன். அந்த ஆறு மா நிலத்தை நான் இருபத்திரண்டு வருஷமாகக் குத்தகைக்குப் பயிரிட்டு, பாதி விளைச்சலை மிராசுதார் குஞ்சிதபாதம் ஐயா வீட்டுக்கு அளந்து வருகிறேன் அல்லவா? ஒரு துண்டுச் சீட்டு தந்ததில்லை. இப்போது சர்க்கார் சட்டம் போட்டிருக்கிறது: குத்தகைக்குப் பயிரிடுகிறவன் தாசில்தாரிடம் தன் பெயரைப் பதிந்துகொண்டால் அவனை யாரும் வயலை விட்டு வெளியேற்ற முடியாது. விவசாயச் சங்கத்துத் தங்கையன் எனக்கு மனு எழுதிக் கொடுத்தான். அதற்கு மிராசுதார் பதில் போட்டிருக்கிறார், "ஆசீர்வாதம் என் பண்ணைக் கூலியாள், குத்தகைக்காரன் அல்ல" என்று. அவருடைய ஏஜெண்டு இராஜாங்கம் ஒரு பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு, அடியில் மட்டும் கையெழுத்துப் போடு என்கிறார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "உனக்கு எதுக்குடா அதெல்லாம்" என்கிறார். எனக்கு அடியை மட்டும் படிக்கிற பழக்கம் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். ஸ்வெட்டர் வாங்கு.

அப்பா
ஆசீர்வாதம்

*

குவைத்
20-2-1972

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அப்பா, அம்மா இருவருக்கும் வணக்கம். ஸ்வெட்டர் வாங்கிவிட்டேன்.

உங்கள் கடிதத்தைச் சிஸ்டர் நதியாவுக்குச் சொன்னேன். கோழி பார்த்த இடத்தில் அழும்வரை சிரித்தார். எள்ளுக்குத் தண்ணீரே ஆகாதாம். கறுப்பு எள்ளாக இருந்தால் ஊறவைத்துத் தேய்த்துத் தோலைக் கழுவிப் போக்க வேண்டும். காயவைத்து இளஞ்சூட்டில் வறுத்து, ஈரம் படாத உரலில் இடித்துக்கொண்டே இருந்தால் அதன் எண்ணெயிலேயே அது குழம்பாகும். கடலை வெந்ததும் தோலைக் கசக்கி எடுத்துவிடுங்கள். பொறுமைதான் முக்கியம் என்றார்.

சின்ன எழுத்தையும் படித்தேன். அப்பா, கேட்கிற கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு ஐம்பத்து மூன்று வயது. நான் சம்பாதிக்கிறேன், உங்கள் இரண்டு பேருக்கும் போதும். மூன்று வருஷத்துக்கு முன்னால் நமக்குக் கிழக்கே என்ன நடந்தது என்பதை நான் மறக்கவில்லை. அப்போது திருச்சியில் எங்கள் விடுதியில் பேப்பரை ஒளித்து வைத்தார்கள். நான் தேடிப் படித்தேன். குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டவர்களும் கூலி நெல்லைத்தான் கேட்டார்கள்.

இரவு வார்டுக்கு நேரமாகிவிட்டது, நிறுத்துகிறேன்.

மகள்
ஞானசௌந்தரி

*

நெடுவாய்க்கால்
15-3-1972

சேசு மரி சூசை துணை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கு இருவரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

கிழக்கே நடந்ததை நானும் மறக்கவில்லையம்மா. மறக்காததால்தான் கையெழுத்துப் போடவில்லை.

உன் சம்பளத்தில் என்னை உட்காரச் சொல்கிறாய். உட்காரலாம். நான் உட்கார்ந்தால் உன் அம்மா பார்த்துக்கொண்டு இருப்பாளா? ஐந்து நிமிஷத்தில் தண்ணீர்க் குடத்தைக் கையில் கொடுத்துவிடுவாள். அது கிடக்கட்டும். அந்த வயலில் இறங்கினால் நான் ஆசீர்வாதம். ஏறி வரப்பில் நின்றால் பண்ணையாள். கையெழுத்தைப் போட்டுவிட்டு ஆயுசுக்கும் வரப்பிலேயே நிற்கச் சொல்கிறாயா? போட மாட்டேன். இதைப் பெரிய எழுத்திலேயே எழுதியிருக்கிறேன்.

மார்ச் முதல் தேதி எள் விதைத்தேன். ஏஜெண்டு வரப்பில் நின்று, "யாரைக் கேட்டுடா விதைச்ச?" என்றார். "மழையைக் கேட்டேங்க, சரின்னுச்சு" என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன், அவளுக்கும் பிடிக்கவில்லை. எனக்கு மட்டும் பிடித்திருந்தது.

ஹம்முஸ் இரண்டாம் தரம் செய்தேன். எள்ளுக்குத் தோல் நீக்கினோம். தோல் பாதி போயிற்று, என் நகம் மீதி போயிற்று. வறுத்து இடித்தேன். இடது கை கொஞ்ச நாளாக லீவில் இருக்கிறது, வலது கையால் மட்டும் இடித்ததால் சுமாராகத்தான் மசிந்தது. ஆனாலும் இந்தத் தடவை சேற்று நிறம் இல்லை, பழைய சாக்கு நிறம். பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டோம். உன் அம்மா ஒரு விரல் எடுத்தாள், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் விரல், ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் விரலுக்குத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் ருசி சொல்லும் விதம் உனக்குத் தெரியுமே.

சிஸ்டருக்கு எங்கள் வணக்கம்.

அப்பா
ஆசீர்வாதம்

*

குவைத்
30-3-1972

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். அம்மாவுக்கும் வணக்கம்.

இடது கை ஏன் லீவு? எந்த இடத்தில் வலி? வீக்கம் இருக்கிறதா? விரல்களை மடக்க முடிகிறதா? எலும்புப் படம் எடுத்தீர்களா? தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். வேடிக்கையாக எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

மகள்
ஞானசௌந்தரி

*

நெடுவாய்க்கால்
24-4-1972

சேசு மரி சூசை துணை

அன்பு மகளுக்கு அப்பா. உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது, பதில் தாமதம். எல்லாரும் சுகம்.

கையைப் பற்றிக் கேட்டிருந்தாய். இருக்கிறது. இரண்டுமே இருக்கின்றன.

எள் பூத்திருக்கிறது. வயலில் அங்கங்கே இடைவெளி உண்டு. மாட்டுக்கும் எள்ளுச் செடி பிடிக்கும் என்று இந்த வருஷம்தான் தெரிந்துகொண்டேன். மிச்சம் இருப்பது நன்றாக இருக்கிறது. காலையில் வெள்ளைப் பூவைப் பார்த்தால் உன் நர்ஸ் தொப்பி மாதிரி இருக்கிறது என்று உன் அம்மா சொன்னாள். அவளுக்கு இப்படியெல்லாம் பேச வரும் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது.

தாசில்தார் விசாரணைக்கு இன்னும் தேதி போடவில்லை.

உன் உடம்பு எப்படி? ரொட்டி மட்டும் தின்னாதே, சோறும் தின்னு.

அப்பா
ஆசீர்வாதம்

*

நெடுவாய்க்கால்
3-5-1972

அன்புத் தங்கை ஞானசௌந்தரிக்கு, சங்கத்துத் தங்கையன் எழுதுகிறேன். சுகமா? உன் அம்மா இருதயம்மாள், அப்பா வயலுக்குப் போன நேரமாக வந்து எழுதச் சொன்னார்கள். அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"கண்ணு, நல்லா இருக்கியா? ஒங்கப்பா கையப் பத்திப் பொய்யும் எழுதமாட்டாரு, நெசமும் எழுதமாட்டாரு. எள்ளு வெதச்ச பத்தாம் நாளு ஏஜெண்டு ஆளுவ பண்ணை மாட்ட எல்லாம் நம்ம வயல்ல ஓட்டி வுட்டானுவ. இவரு குறுக்க போயி நின்னாரு. தடி மாட்டு மேல விழாம இவரு கையில விழுந்துடுச்சு. கட்டுப் போடுற வைத்தியரு மூங்கில் பத்தை வச்சிக் கட்டியிருக்காரு. கேக்குறவங்ககிட்ட எல்லாம் ஏணியிலேந்து விழுந்தேங்குறாரு. நம்ம வீட்ல ஏணியே இல்ல. மாடு மிதிச்ச எடத்துல மறுநாளே ஒத்தக் கையால திரும்ப வெதச்சாரு. நான் வேணாம்னு சொல்லல. கூடப் போயி வெதைய நான் எடுத்துக் குடுத்தேன்.

"நீ கையெழுத்துப் போடச் சொல்லி எழுதுனியாமே. இனிமே அத எழுதாத. ஒனக்குப் பயமா இருந்தா பயமா இருக்குன்னு எழுது. அது வேற."

இவ்வளவுதான் சொன்னார்கள். கீழே சிலுவை போட்டிருப்பது அம்மா கை.

+

*

குவைத்
17-6-1972

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு ஒரு மாதத்துக்கு மேலாக நான் பதில் எழுதவில்லை. எடுத்து எடுத்து வைத்தேன். அதற்குள் இப்படி ஒரு செய்தியா?

எங்கள் ஆஸ்பத்திரி வண்டி ஓட்டும் கூத்தாநல்லூர் சேக் தாவூது அண்ணனுக்கு ஊரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. "நெடுவாய்க்கால் நர்ஸ் பொண்ணோட அப்பாவுக்குப் பாதிரியார் வந்து எண்ணெய் பூசிட்டாராம்" என்று எழுதியிருக்கிறார்கள். அண்ணன் அதை என்னிடம் சொல்ல முடியாமல் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

சாகும் தறுவாயில் அவஸ்தைப்பூசுதல் கொடுக்கும்வரை எனக்கு ஏன் ஒரு வரி எழுதவில்லை? கை எலும்பா, சீழ் பிடித்ததா, காய்ச்சலா? அப்பா இருக்கிறாரா? இந்தக் கேள்வியை எழுத எனக்குக் கை வரவில்லை. தங்கையன் அண்ணனிடம் சொல்லித் தந்தி கொடுக்கவும். விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அம்மா.

மகள்
சௌந்தரி

*

நெடுவாய்க்கால்
1-7-1972

சேசு மரி சூசை துணை

அன்பு மகள் சௌந்தரிக்கு, இன்னும் சாகாத உன் அப்பா எழுதிக்கொள்வது. "சுகம், விபரம் தபாலில்" என்று கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். விடுப்பை ரத்து செய். இதை நான் முன்பே எழுதாதது தப்பு. சாகாதவன் சாகவில்லை என்று என்னத்தை எழுதுவது என்று இருந்துவிட்டேன். கூத்தாநல்லூர்த் தபால் என்னைவிடச் சுறுசுறுப்பு.

நடந்தது இதுதான். எள் அறுத்து, காயவைத்து, உதிர்த்தோம். மிராசுதார் பங்கைக் கொடுக்கப் போனால் ஏஜெண்டு வாங்க மாட்டேன் என்கிறார். வாங்கினால் குத்தகை என்று ஆகிவிடுமாம். சரி என்று அவர் பங்கைத் தங்கையன் முன்னால் பானையில் கட்டி வைத்துவிட்டு, என் பங்கில் ஹம்முஸ் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். மாடு மிதித்தும் முளைத்த எள். இந்தத் தடவை ஒரு குறையும் இருக்கக்கூடாது என்று பிடிவாதம். கடலை இருக்கிறது, பூண்டு இருக்கிறது, எலுமிச்சை பக்கத்துத் தெரு ராசம்மாள் வீட்டு மரத்தில் இருக்கிறது. ஒலிவ எண்ணெய்க்கு எங்கே போவது? எனக்குத் தெரிந்து இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒலிவ எண்ணெய் உள்ள ஒரே இடம் கோயிலூர் மாதா கோயில்.

ராசம்மாள் கோயிலூருக்குக் கீரை விற்கப் போகிறவள். சாமியாரிடம் ஒரு சின்னக் குப்பி கேட்டு வா என்று சொல்லி அனுப்பினேன். அவள் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள், நம் வேத விவகாரம் அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இருந்தும் தோன்றவில்லை பார். அங்கே நடந்ததை அவள் பிறகு சொன்னாள்.

"சாமி, ஆசீர்வாதம் அண்ணனுக்குக் கொஞ்சம் ஒலிவ எண்ணெய் வேணுமாம்."

மரியஅந்தோணி சாமியார் சாப்பிட்ட இலையை விட்டு எழுந்துவிட்டாராம். "என்னம்மா சொல்ற! ஒடம்பு எப்படி இருக்கு?"

"கை விழுந்து மூணு மாசமாச்சுங்க."

"பேச்சு இருக்கா?"

"காலையில பேசுனாருங்க. இப்பத் தெரியலீங்க."

அவ்வளவுதான். சாமியார் சைக்கிளில் ஏறி, கழுத்தில் ஊதாப் பட்டை, இடுப்பில் எண்ணெய்ச் சிமிழ், கோயில் பிள்ளை பின்னால் மணி அடித்துக்கொண்டே ஓட, நாலு மைல் ஒரே மிதியாக வந்து நம் வாசலில் இறங்கினார். வழியெல்லாம் ஜனம் எழுந்து நின்று சிலுவை போட்டிருக்கிறது. நான் ஆட்டுக்கல் முன்னால் கால் நீட்டி உட்கார்ந்து கடலை அரைத்துக்கொண்டிருக்கிறேன்.

"யாருக்குய்யா அவஸ்தை?" என்றார் மூச்சு வாங்க.

"யாருக்கும் இல்லீங்க சாமி. கடலைக்கு."

பிறகு அவர் பேசியதில் பாதி தமிழ், பாதி லத்தீன். "மந்திரிச்ச தைலம்யா இது! இதைக் கொண்டாந்து கடலையில ஊத்தவா?" என்றார். நான் எழுந்து நின்றே கேட்டுக்கொண்டேன். பூசை நேரத்தில்கூட அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. திட்டி முடித்ததும் உன் அம்மா ஹம்முஸைத் தட்டில் வழித்து, குழி பறித்து, நம் நல்லெண்ணெயையே ஊற்றி, சூடாக நாலு தோசை வைத்து அவர் முன்னால் நீட்டினாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்த மனிதர். உள்ளே உட்கார்ந்தார். ஒரு விள்ளல். "இது என்னய்யா இது" என்றார். இரண்டாம் தோசைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

இதற்குள் மணிச் சத்தம் மிராசுதார் வீடு இருக்கும் மேலத்தெருவுக்குப் போய்விட்டது. குத்தகைக்காரன் செத்தால் சட்டப்படி பாத்தியம் பெண்டாட்டிக்குப் போகும். ஆகவே நான் சாவதற்கு முன்னால் என் விரல் ரேகை அவர்களுக்கு வேண்டும். இராஜாங்கம் அந்தப் பேப்பரோடும் மைப்பெட்டியோடும் ஓடி வந்தார். நம் வேலிக்குள் கால் வைக்கவில்லை. வெளியே நின்றே கூப்பிட்டார்.

"ஏ இருதயம்! ஆசீர்வாதம் இருக்கானா, போயிட்டானா?"

"உள்ள சாமி இருக்காருங்க" என்றாள் உன் அம்மா. பொய் இல்லையே.

"அப்ப மூச்சு இருக்கு. சீக்கிரம் இந்த மையில அவன் பெருவிரலத் தொட்டு இதுல வச்சுக் கொண்டா. காரியச் செலவெல்லாம் ஐயா பாத்துக்குவாரு."

"என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சீங்கன்னா, அவரு காதுல போட்டுட்டு வைக்கச் சொல்றேங்க."

அவசரத்தில் மனிதர் வாசித்தே விட்டார். தங்கையன் உட்படத் தெருவே நின்று கேட்கிறது. நான் தட்டோடு கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். "நெடுவாய்க்கால் கிராமத்தில் மேற்படி மிராசுதாருக்குப் பாத்தியப்பட்ட ஆறு மா நஞ்சையில் இருபத்திரண்டு வருஷமாகக் குத்தகைச் சாகுபடி செய்துவரும் ஆசீர்வாதமாகிய நான், என் குத்தகைப் பாத்தியத்தை மனப்பூர்வமாக விட்டுக்கொடுத்து..."

கூலியாள் என்று தாசில்தாருக்கு எழுதிக் கொடுத்தவர் வீட்டுப் பேப்பரில், இருபத்திரண்டு வருஷக் குத்தகைக்காரன்! உன் அம்மா கையை நீட்டிப் பேப்பரை வாங்கி உள்ளே போய், வெறுங்கையோடு திரும்பி வந்தாள். அப்போதுதான் நான் வெளியே வந்தேன்.

"ஏஜெண்டு ஐயா, நான் கைநாட்டு இல்லீங்க. எட்டாவது, ரெண்டு தரம்."

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "டேய்... நீ சாகலியா?"

"இன்னும் கடலை மிச்சம் இருக்குங்க."

"அந்தப் பேப்பரக் குடுடி!" என்று உன் அம்மாவிடம் பாய்ந்தார். வேலி வரைதான் பாய முடிந்தது.

"சாமி கையில குடுத்துட்டேங்க. உள்ள வந்து வாங்கிக்குங்க" என்றாள்.

சாமியார் விரலை நக்கிவிட்டு, பேப்பரை முழுக்கப் படித்து, நாலாக மடித்து அங்கிப் பைக்குள் வைத்தார். "தாசில்தார்கிட்ட நானே குடுத்துடறேன் இராஜாங்கம். நீங்க போங்க" என்றார். மிராசுதார் கோயில் பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டுக் கொடுத்தவர், சாமியார் பின்வாங்கிவிடுவாரோ என்று நினைத்தேன். வாங்கவில்லை. தோசை இன்னும் ஒன்று கேட்டு வாங்கினார்.

அன்றிலிருந்து தங்கையனும் சங்கத்து ஆட்கள் நாலு பேரும் நம் வாசலில் காற்று வாங்குகிறார்கள். ஆனி மாதக் காற்று நன்றாக இருக்கிறதாம்.

நீ பயமாக இருக்கிறது என்று எழுதியதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ம்" என்றாள். பிறகு அந்தக் கடிதத்தை வாங்கித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

சாகாமல் இருக்கும் அப்பா
ஆசீர்வாதம்

*

குவைத்
20-7-1972

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம். தந்தி வந்த அன்று அழுதேன். கடிதம் வந்த அன்று சிரித்தேன். இரண்டுக்கும் ஆஸ்பத்திரியில் எல்லாரும் சாட்சி.

வெள்ளிக்கிழமை தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது முழுக் கடிதத்தையும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். நல்லெண்ணெய் ஊற்றலாமா என்று கேட்டேன். சிஸ்டர் நதியா, "மாடு மிதித்து முளைத்த எள் என்றால் எதை ஊற்றினாலும் ஹம்முஸ்தான்" என்றார். ஆனால் சாமியாரை இனி ஓடவிட வேண்டாம். தாவூது அண்ணன் ஆகஸ்டில் ஊருக்கு வருகிறார். ஒலிவ எண்ணெய் ஒரு டின்னும் வெள்ளைக் கடலையும் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பா, பிப்ரவரியில் நான் எழுதிய அந்தப் பத்தியைக் கிழித்துவிடுங்கள். அடுப்பில் போடுங்கள். விசாரணையில் அவர்கள் என்ன கேட்டாலும், என்ன சொல்லி மிரட்டினாலும், வயலை விட்டு ஏறாதீர்கள். எனக்கு இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. பயத்தோடேயே சொல்கிறேன், ஏறாதீர்கள்.

கைக்குத் தினமும் வெந்நீர் ஒத்தடம். விரல்களை மடக்கி நீட்டுங்கள், காலை நூறு, மாலை நூறு. அம்மா எண்ண வேண்டும். அப்பா எண்ணினால் ஏமாற்றுவார்.

மகள்
ஞானசௌந்தரி

*

நெடுவாய்க்கால்
8-9-1972

சேசு மரி சூசை துணை

அன்பு மகள் சௌந்தரிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இருவரும் சுகம். நூறு என்பதை உன் அம்மா நூற்றிருபதாக எண்ணுகிறாள். டின்னும் கடலையும் பத்திரமாக வந்தன. தெருவில் வீட்டுக்கு ஒரு கரண்டி போயிற்று. ராசம்மாளுக்கு இரண்டு.

ஆகஸ்டு இருபத்தொன்றாம் தேதி மன்னார்குடியில் விசாரணை. நான் உன் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த வேட்டியைக் கட்டிக்கொண்டேன், கோபிக்காதே. மிராசுதார் வரவில்லை. ஏஜெண்டும் வக்கீலும் வந்தார்கள்.

தாசில்தார் என்னைவிடச் சின்ன வயசுக்காரர். "இவர் யாரு?" என்று கேட்டார்.

"பண்ணையாளுங்க. கூலிக்கு வேலை பாக்குறவன்" என்றார் இராஜாங்கம்.

சாமியார் எழுந்து பேப்பரைக் கொடுத்தார். தாசில்தார் முன்பக்கம் படித்தார், பின்பக்கம் திருப்பினார். முத்திரைத்தாள் விற்றவர் பின்னால் தேதியும் வாங்கியவர் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஜனவரி மாசம், வாங்கியவர் குஞ்சிதபாதம். இது எனக்கே தெரியாது. பின்பக்கத்தை நானும் படிக்கவில்லை, ஏஜெண்டும் படிக்கவில்லை.

"கூலியாள்கிட்ட எதுக்குய்யா குத்தகைப் பாத்தியத்த எழுதி வாங்குறீங்க?" என்றார் தாசில்தார்.

வக்கீல் இராஜாங்கத்தைப் பார்த்தார். இராஜாங்கம் மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை.

"ஏதோ பிசுக்கா இருக்கே, இது என்ன கறை?"

"கடலைங்க" என்றேன். சாமியார் இருமினார்.

பிறகு என்னைக் கேட்டார். எத்தனை வருஷம், என்னென்ன பயிர், எந்த வாய்க்கால் பாய்ச்சல், எந்த மடையில் முதலில் தண்ணீர் ஏறும் என்றெல்லாம். நான் மடையைச் சொன்னேன், வரப்பில் நண்டு வளை இருக்கிற இடத்தைச் சொன்னேன், மேற்கு மூலையில் கால் புதைகிற பள்ளத்தைச் சொன்னேன். போதும் போதும் என்று அவர் கையைக் காட்டும்வரை சொன்னேன். அதே கேள்விகளை ஏஜெண்டைக் கேட்டார். இருபத்திரண்டு வருஷம் வரப்பிலேயே நின்ற மனிதருக்குப் பள்ளம் எப்படித் தெரியும்?

செப்டம்பர் நாலாம் தேதி உத்தரவு வந்தது. பதிவேட்டில் என் பெயர் ஏறிவிட்டது. தங்கையன் இரண்டு தரம் உரக்கப் படித்தான். உன் அம்மா மூன்றாம் தரம் படிக்கச் சொன்னாள்.

மிராசுதார் அப்பீல் போடுகிறாராம். அது வருஷக்கணக்கில் இழுக்கும், பயப்படாதே என்கிறான் தங்கையன். நான் பயப்படவில்லை. பயப்பட நேரமும் இல்லை. நாற்று முதிர்ந்துவிட்டது, நாளைக் காலை நடவு. அப்பீல் அதன் பாட்டுக்கு நடக்கட்டும், நான் என் பாட்டுக்கு நடுகிறேன்.

உனக்கு ஒரு வேலை இருக்கிறது. அடுத்த கடிதத்தின் கவரில் என் பெயருக்குக் கீழே "குத்தகைச் சாகுபடிதாரர்" என்று கொட்டை எழுத்தில் எழுது. இங்கிலீஷில் வேண்டாம், தமிழில். தபால்காரர் மேலத்தெரு வழியாகத்தான் நம் தெருவுக்கு வருவார். குவைத்துத் தபால் என்றால் அங்கே நாலு பேர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பது வழக்கம். நன்றாகப் பார்க்கட்டும். அதனால் அடிக்கடி எழுது. விஷயம் ஒன்றும் இல்லாவிட்டாலும் கவரையாவது அனுப்பு.

உன் அப்பா
ஆசீர்வாதம்
குத்தகைச் சாகுபடிதாரர்
நெடுவாய்க்கால்